கையெழுத்து யாருடையது, கணக்கு யாருடையது? - வாசகர் கேள்வி பதில்

மின்வேலையில் உரிமம் பெரிதா, கைப்பழக்கம் பெரிதா என்று கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: முந்திரிக் கொட்டை உடைக்கும் கூடம் கட்டுகிறோம். 25 வருடமாக இந்த ஊரில் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். வேலை சுத்தம், ஆனால் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் சின்ன வயது. இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "போட்டுடலாம் சார், கவலைப்படாதீங்க" என்கிறார். யாரிடம் கொடுப்பது? (பண்ருட்டி வாசகர்)

பதில்: முதலில் சட்டம். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போல இணைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றாத வேலையை யாரும் செய்யலாம். அதைத் தாண்டிய எந்த வயரிங்கையும் மாநில அரசின் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் எடுக்க வேண்டும், தகுதிச் சான்று பெற்ற சூப்பர்வைசர் நேரில் மேற்பார்வை செய்ய வேண்டும், பெர்மிட் உள்ளவர் கை வைக்க வேண்டும். 1956 இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதியாக இருந்தது இது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறையிலும் அதற்குப் பதிலாக வந்த 2023 ஒழுங்குமுறையிலும் தொடர்கிறது. ஆக, உங்கள் பழைய எலக்ட்ரீஷியன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தனியாக இந்தக் கூடத்தை எடுத்துச் செய்ய முடியாது.

ஆனால் இந்தச் சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. கம்பி இழுப்பவருக்குச் சான்று வேண்டும், இழுக்க வைப்பவருக்கு உரிமம் வேண்டும். எத்தனை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கம்பி, எந்த பிரேக்கர், எத்தனை சர்க்யூட் என்று முடிவு செய்து வரைபடம் போடுபவருக்கு, தாழ்வழுத்த வேலையில் (வீடு, கடைக்கு வரும் 230, 415 வோல்ட் வேலை), தனி உரிமம் என்று ஒன்று கிடையாது. உங்கள் கூடம் பத்து வருடம் பிரச்சினை இல்லாமல் ஓடுமா என்பது அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது. "போட்டுடலாம் சார்" என்பது வரைபடம் ஆகாது.

அதனால் இரண்டு பேரையும் உட்கார வைத்து மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, லோடு பட்டியல். உலர்த்தும் அறைக்கு 12 கிலோவாட் ஹீட்டர் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேஸில் அது பேஸுக்குச் சுமார் 17 ஆம்பியர். விளக்கும் ஃபேனும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்று கொஞ்சம் குறைத்துக் கணக்கிடலாம். ஹீட்டர் சீசனில் நாள் முழுக்க ஓடும். அதில் ஒரு ஆம்பியர்கூடக் குறைக்கக் கூடாது. குறைத்துப் போட்டிருந்தால் கடை பில்லைக் குறைத்துக் காட்டக் கணக்கை வளைக்கிறார் என்று அர்த்தம். இரண்டு, மெயின் பெட்டியிலிருந்து அதிகத் தொலைவில் இருக்கும் மோட்டார் எது, அங்கே எத்தனை வோல்ட் குறையும்? மூன்று, அந்த மோட்டாரின் பாடியில் பேஸ் (கரண்ட் வரும் கம்பி) பட்டால் எத்தனை ஆம்பியர் பாயும், எது ட்ரிப் ஆகும், எவ்வளவு நேரத்தில்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்தான் உங்கள் ஆள். பெரியவருக்குத் தெரிந்து இளைஞருக்குத் தெரியவில்லை என்றால், ஒப்பந்தத்தை இளைஞரிடம் கொடுத்து, பெரியவர் அவர் ஆட்களில் ஒருவராக வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். அதற்கு அவர் வயர்மேன் சான்று வாங்கியாக வேண்டும். இத்தனை வருடம் வாங்காமல் இருந்தது அவர் தவறு, அதை அவரிடமே சொல்லலாம். இரண்டு பேருக்குமே தெரியவில்லை என்றால் மூன்றாவது ஆளைத் தேடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு வயரிங்கை ஒருவர் செய்தார், வேலை முடித்ததற்கான அறிக்கையில் கையெழுத்துப் போட்டது நாங்கள் பார்த்தே இராத இன்னொரு கான்ட்ராக்டர். பணம் வாங்கிக்கொண்டு போட்டாராம். இது எங்கும் நடப்பதுதானே? (நெல்லிக்குப்பம் வாசகி)

பதில்: நடப்பதாலேயே சரியாகிவிடாது அம்மா. உரிமம் இல்லாதவர் செய்த வேலையைவிட இதில் ஆபத்து அதிகம். உரிமம் இல்லாதவராவது தன் வேலை என்று ஒப்புக்கொள்வார். இங்கே வேலை ஒருவருடையது, பொறுப்பு இன்னொருவருடையது. விபத்து நடந்தால் இரண்டு பேருமே நழுவுவார்கள்.

அறிக்கையின் நகலை எடுத்துப் பாருங்கள். இன்சுலேஷன் சோதனை என்ற இடத்தில் எல்லா சர்க்யூட்டுக்கும் ஒரே எண் எழுதியிருக்கிறதா? 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்து உண்மையில் பார்த்தால் ஒன்று 80 மெகாஓம் காட்டும், ஒன்று 200, பாத்ரூம் கீசர் லைன் 15 காட்டும். கம்பியின் நீளமும் சுவரின் ஈரமும் வேறு வேறாக இருக்கும்போது எண் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? 1 மெகாஓமுக்குக் குறையாமல் இருந்தால் பாஸ். எர்த் அளவும் அப்படித்தான். தேவனாம்பட்டினத்து மணலிலும் பண்ருட்டிச் செம்மண்ணிலும் ஒரே 1.0 ஓம் வந்தது என்று எழுதியிருந்தால், எர்த் டெஸ்டர் பெட்டியை விட்டே வெளியே வரவில்லை. மறுபடி சோதித்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

கேள்வி: கிள்ளைப் பக்கம் இறால் பண்ணை. உப்பங்கழியிலிருந்து தண்ணீர் எடுக்கும் 10 எச்.பி. மோட்டார் இரண்டு வருடத்தில் மூன்று தடவை எரிந்துவிட்டது. பெட்டியிலிருந்து மோட்டார் 180 மீட்டர். 4 ஸ்கொயர் காப்பர் கேபிள். போட்டவர் உரிமம் உள்ளவர். 4 ஸ்கொயர் 14 ஆம்பியர் தாராளமாகத் தாங்கும் என்கிறார். ரீவைண்டிங் கடைக்காரரோ மோட்டார் சரியில்லை என்கிறார். (பரங்கிப்பேட்டை வாசகர்)

பதில்: கேபிள் 14 ஆம்பியரைத் தாங்கும், அதில் அவர் சொன்னது சரி. கேபிள் சூடாகி உருகாது. ஆனால் மோட்டாருக்குப் போய்ச் சேரும் வோல்டேஜை அவர் பார்க்கவில்லை.

4 ஸ்கொயர் காப்பரின் மின்தடை கிலோமீட்டருக்கு 20 டிகிரியில் 4.61 ஓம், ஓடிச் சூடான நிலையில் சுமார் 5.5. மூன்று பேஸ் என்பதால் 1.732ஐப் பெருக்க வேண்டும். 1.732 × 14 × 5.5 × 0.18 × 0.85 (பவர் ஃபேக்டர்) = சுமார் 20 வோல்ட். 415இல் இது 5 சதவீதம். மோட்டாருக்கு எல்லை 5 சதவீதம்தான், ஆகவே தாளில் இது தேறிவிடும். இங்கேதான் தாளும் கழியும் பிரிகின்றன. சப்ளை 415இலிருந்து 6 சதவீதம் வரை குறையலாம் என்பது விதி. அதாவது உங்கள் பெட்டியிலேயே 390 இருந்தால் ஈ.பி. ஆபீஸில் புகார் செய்யக்கூட வழியில்லை. 390இல் 20 போனால் 370. சாதாரண மோட்டார் 10 சதவீதக் குறைவு வரை தாங்கும் என்று வைத்தாலும் எல்லை 373. லோடு அதே லோடு, வோல்டேஜ் குறைவு. எனவே கரண்ட் 14இலிருந்து 16ஐ நெருங்குகிறது. வைண்டிங் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேகிறது.

ஸ்டார்ட் ஆகும்போது நிலைமை இன்னும் மோசம். நேரடி ஸ்டார்ட்டரில் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த நேரத்தில் கேபிளிலேயே சுமார் 50 வோல்ட் போய்விடும். 340 வோல்ட்டில் மோட்டாரின் முறுக்குவிசை மூன்றில் இரண்டு பங்காகிவிடும், ஏனென்றால் அது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. இழுத்து இழுத்துக் கிளம்பும். கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே தட்டும். தட்டுகிறதே என்று யாராவது ரிலேயை 14இலிருந்து 20க்குத் திருப்பி வைத்திருப்பார்கள். ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்து அந்தத் திருகைப் பாருங்கள். 20இல் இருந்தால் மூன்று மோட்டாரும் ஏன் எரிந்தன என்று வேறு விசாரணை வேண்டாம்.

என்ன செய்வது? 16 ஸ்கொயர் அலுமினியம் ஆர்மர்டு கேபிள். சூடான நிலையில் கிலோமீட்டருக்குச் சுமார் 2.3 ஓம், குறைவு எட்டரை வோல்ட், 2 சதவீதம். 75 சென்டிமீட்டர் ஆழத்தில், மேலும் கீழும் மணல் போட்டுப் புதையுங்கள். அலுமினியக் கம்பியை ஸ்டார்ட்டரின் பித்தளை முனையில் நேராக மாட்டக் கூடாது; உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் பொடிந்து வெள்ளையாகிவிடும். பைமெட்டாலிக் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் காப்பர் உள்ள முனை) போட்டு, ஹைட்ராலிக் கருவியால் அழுத்துங்கள். சுத்தியலால் தட்டி அழுத்துவதைப் பார்த்தால் வேலையை நிறுத்துங்கள். மோட்டார் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் கம்பி. ரிலே, மோட்டார் பலகையில் எழுதியிருக்கும் ஆம்பியரில். குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் லைன்களில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லை என்றால் மோட்டாரை விட்டுவிட்டு முதலில் அதைப் போடுங்கள், ஆட்கள் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

கேள்வி: படுக்கையறை ஏ.சி. போட்டால் 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தது. சான்றிதழ் உள்ள வயர்மேன் வந்து 32 போட்டார். இப்போது விழுவதில்லை. சரிதானே? (லாஸ்பேட்டை வாசகர்)

பதில்: இன்றைக்கே 16ஐ மறுபடி மாட்டுங்கள். எம்.சி.பி. ஏ.சி.க்காக இல்லை, சுவருக்குள் இருக்கும் கம்பிக்காக.

உங்கள் கம்பி 2.5 ஸ்கொயர் என்று வைத்துக்கொள்வோம். பைப்புக்குள் அது 24 ஆம்பியர் தாங்கும் என்று அட்டவணை சொல்லும். அது 30 டிகிரிக்கு. புதுச்சேரி மே மாதத்தில், வெயில் அடிக்கும் மேற்குச் சுவரில் 40 என்று வையுங்கள்; 0.87ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் நான்கு சர்க்யூட் ஓடினால் 0.65ஆல் பெருக்க வேண்டும். 24 × 0.87 × 0.65 = 13.6 ஆம்பியர். இந்தக் கம்பிக்கு 16 எம்.சி.பி.யே கொஞ்சம் அதிகம், அதில் போய் 32. அடுத்து விழப்போவது கம்பியின் பிவிசி உறைதான். ஏ.சி.க்கு டி.பி.யிலிருந்து (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) தனிப் பைப்பில் 4 ஸ்கொயர் இழுங்கள். இழுப்பதற்கு முன் பழைய எம்.சி.பி.யின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த திருகின் சூட்டினாலும் எம்.சி.பி. விழும். சான்றிதழ் வைத்திருப்பவர் 32 போடுவாரா என்று நீங்கள் கேட்கலாம். செய்வார்கள். பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் சரியாக எழுதுவார்கள், ஏணியில் ஏறி நிற்கும்போது வீட்டுக்காரர் அவசரப்படுத்துவார்.

கேள்வி: புதிதாக எர்த் குழி போட்டோம், 10 ஓம் வந்தது. எம்.சி.பி. எல்லாம் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. தேவையில்லை, அடிக்கடி விழுந்து தொல்லை தரும் என்கிறார் கான்ட்ராக்டர். (முத்தியால்பேட்டை வாசகி)

பதில்: கணக்கு ஒரு வரிதான். 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். கிரைண்டர் பாடியில் பேஸ் பட்டால் உங்கள் எர்த் வழியாக அதிகபட்சம் ஓடுவது அவ்வளவே. 20 ஆம்பியர் எம்.சி.பி. அதன் அளவைப் போல 1.13 மடங்கு வரை விழவே கூடாது, 1.45 மடங்கில்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பது தரநிலை. 23 என்பது 1.15 மடங்கு. அதாவது கிரைண்டர் பாடி கரண்டோடு நிற்கும், எம்.சி.பி. பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு 23 ஆம்பியர் என்பது அதன் எல்லையைப் போல 700 மடங்குக்கு மேல். கண் இமைப்பதற்குள் விழும்.

"அடிக்கடி விழுகிறது" என்றால் பெரும்பாலும் இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரலை ஒன்றாக முறுக்கியிருப்பார்கள், அல்லது இன்வெர்ட்டர் நியூட்ரலை ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் சேர்த்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கச் சோம்பல்பட்டு ஆர்.சி.சி.பி.யைக் குறை சொல்வது வழக்கம்.

கேள்வி: கடலூர் கான்ட்ராக்டரைக் கன்னியக்கோயிலில் கட்டும் கடைக்குக் கூப்பிடலாமா? (கிருமாம்பாக்கம் வாசகர்)

பதில்: எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் பஸ் டிக்கெட் மட்டுமில்லை, உரிமம் கொடுக்கும் அரசும் மாறுகிறது. தமிழ்நாட்டு உரிமம் புதுச்சேரியில் தானாகச் செல்லாது. புதுச்சேரி அரசின் உரிமமோ அங்கீகாரமோ அவரிடம் இருக்க வேண்டும். இணைப்புக் கொடுக்கும் புதுச்சேரி மின்துறை அலுவலகத்தில் அவர் உரிமத்தின் நகலை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். வயரிங் முடிந்த பிறகு கேட்காதீர்கள்.

கேள்வி: பி.இ. மின்னியல் முடித்திருக்கிறேன். பட்டம் இருந்தால் டிசைன் செய்யலாமா, உரிமமும் வேண்டுமா? (மஞ்சக்குப்பம் வாசகர்)

பதில்: தாழ்வழுத்த வரைபடம் போட உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள். அதுதான் பிரச்சினையே தம்பி. வேலையை எடுத்துச் செய்யவும் முடிவறிக்கையில் கையெழுத்துப் போடவும்தான் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று வேண்டும். பட்டம் படித்தவர்கள், டிப்ளமோ படித்தவர்கள் அனுபவச் சான்றோடு சூப்பர்வைசர் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். வாங்கிவிடுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு பயிற்சி. உங்கள் வீட்டு டி.பி.யின் ஒற்றைக்கோட்டு வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் என்ன கரண்ட் வரும் என்று முதலில் எழுதிவிட்டு, மூன்று நாள் மாலை ஏழு மணிக்கு ஒரு வயர்மேனோடு சேர்ந்து கிளாம்ப் மீட்டர் (கம்பியைக் கவ்விக் கரண்டை அளப்பது) வைத்து அளந்து பாருங்கள். உங்கள் எண்ணும் மீட்டரின் எண்ணும் எங்கே விலகுகின்றன என்பதுதான் பாடம். கல்லூரியில் முனை இறுக்குவதைச் சொல்லித் தர மாட்டார்கள். தளர்ந்த முனையில் 0.05 ஓம் இருந்தால் 16 ஆம்பியரில் 13 வாட் சூடு, சுண்டு விரல் நகம் அளவு இடத்தில். கரிந்த பெட்டி எதைத் திறந்தாலும் முதலில் அந்தத் திருகைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் பத்து வருடமாக மின் டிசைன் செய்கிறான். ஆனால் வரைபடத்தில் அவன் கையெழுத்துச் செல்லாதாம். இது என்ன நியாயம்? (புதுப்பாளையம் வாசகி)

பதில்: அங்கே நம் ஊருக்கு நேர்மாறு. பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடத்தின் மின் வரைபடத்தில், அந்த மாநிலம் பதிவு செய்த புரொஃபஷனல் இன்ஜினியரின் முத்திரை வேண்டும். பட்டம், எஃப்.இ. என்ற அடிப்படைத் தேர்வு, பொதுவாக நான்கு வருட அனுபவம், பிறகு பி.இ. தேர்வு. நம் பி.இ. பட்டம் வேறு, அந்த பி.இ. வேறு என்பதில் குழம்ப வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பதிவு. முத்திரை உள்ளவரின் நேரடிப் பொறுப்பின் கீழ் மற்றவர்கள் வரையலாம், உங்கள் மகன் செய்வது அதுதான். பல மாநிலங்களில் சொந்தத் தயாரிப்புக்காக நிறுவனத்துக்குள் டிசைன் செய்பவர்களுக்கு விலக்கும் உண்டு. அனுபவம் இருக்கிறது, தேர்வு எழுதச் சொல்லுங்கள். அங்கேயும் முத்திரை வைத்தவர் கணக்கை முழுதாகப் படித்தார் என்பதற்கு முத்திரை சாட்சி ஆகாது.

கேள்வி: எங்கள் ஆலையில் 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர். உயரழுத்த வரைபடத்துக்கு மின் ஆய்வாளர் ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. அப்படியும் மெயின் பேனலில் இருந்த எம்.சி.பி. ஒன்று ஷார்ட் சர்க்யூட்டில் வெடித்தது. ஒப்புதலுக்கு என்ன பொருள்? (கடலூர் சிப்காட் வாசகர்)

பதில்: ஒப்புதல் என்பது வரைபடம் ஒழுங்குமுறைக்கு ஒத்துப்போகிறதா என்ற சரிபார்ப்பு. வடிவமைப்பாளரின் கணக்கை அவருக்குப் பதிலாகப் போட்டுக் கொடுப்பது ஆய்வாளரின் வேலை இல்லை. அரசு அங்கீகரித்த சார்ட்டர்டு எலக்ட்ரிகல் சேஃப்டி இன்ஜினியர் வந்து பார்த்தாலும் அப்படித்தான்.

500 கே.வி.ஏ., 433 வோல்ட் என்றால் முழு லோடு கரண்ட் 667 ஆம்பியர். இம்பீடன்ஸ் (டிரான்ஸ்ஃபார்மரின் உள்தடை) 4.5 சதவீதம் என்றால், 667ஐ 0.045ஆல் வகுக்க, ஷார்ட் சர்க்யூட்டில் 14,800 ஆம்பியர் வரை பாயலாம். கடையில் கிடைக்கும் வழக்கமான எம்.சி.பி. வெடிக்காமல் துண்டிக்கக்கூடிய கரண்ட் 10,000 ஆம்பியர். மெயின் பஸ்பாரிலேயே (பேனலின் முதன்மைக் கடத்திப் பட்டை) அதை மாட்டினால் வெடிக்கத்தான் செய்யும். அங்கே 25 அல்லது 36 கிலோ ஆம்பியரைத் துண்டிக்கும் எம்.சி.சி.பி. என்ற பெரிய பிரேக்கர் வேண்டும். அதே எம்.சி.பி.யை, 10 ஸ்கொயர் காப்பர் கேபிளில் 20 மீட்டர் தள்ளியிருக்கும் டி.பி.யில் வைத்தால் பயமில்லை. கேபிளின் தடையால் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் 6 கிலோ ஆம்பியருக்குள் இறங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் பலகையில் இருக்கும் இம்பீடன்ஸ் எண்ணைப் படித்து, பேனலில் உள்ள ஒவ்வொரு பிரேக்கரின் 'கே.ஏ.' எண்ணோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை. பின்னால் டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கினால் மறுபடி ஒப்பிட வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் தரைத்தளப் பெட்டி மூழ்கியது. காயவைத்து மறுபடி போட்டார்கள், ஓடுகிறது. விட்டுவிடலாமா? (புதுச்சேரி ரெயின்போ நகர் வாசகர்)

பதில்: மூழ்கிய எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. எதையும் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே சேறும் உப்பும் படிந்த பொறிமுறை, சாதாரண நாளில் ஓடும். ஷார்ட் ஆகும் நாளில் திறக்காது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறது என்பதை வைத்து நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் மாற்றுங்கள். கம்பிகளை மாற்ற வேண்டியதில்லை, மெகர் வைத்துப் பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் லைனைப் பிரித்து, பைப்பில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். தரைத்தளப் பிளக்குகளுக்குத் தனி ஆர்.சி.சி.பி. போட்டால் அடுத்த வெள்ளத்தில் மாடியில் விளக்கு எரியும். புதுப் பெட்டியை எந்த உயரத்தில் வைப்பது என்பதற்கு அட்டவணை தேட வேண்டாம். சுவரில் வெள்ளக் கறை இன்னும் இருக்கும், அதற்கு மேல் ஒரு முழம் விட்டு மாட்டச் சொல்லுங்கள்.